பிள்ளை கேட்கும் 'செக்யூரிட்டி' படிப்பு: வணிகர் வீட்டில் போட வேண்டிய கணக்கு

முன்பெல்லாம் வணிகர் வீட்டுப் பிள்ளை படிப்பை முடித்தால் பேச்சு இரண்டுதான். ஒன்று, கடைக்கு வருவது. மற்றொன்று, அரசாங்க வேலைக்குத் தேர்வு எழுதுவது. இப்போது மூன்றாவதாக ஒரு பேச்சு நம் வீடுகளில் கேட்கிறது. "நெட்வொர்க் செக்யூரிட்டி சர்டிபிகேட் எழுதப் போகிறேன், பணம் வேண்டும்" என்கிறார்கள் பிள்ளைகள். சங்கப் பொதுக்குழுவின் சாப்பாட்டு வேளையில் மட்டும் மூன்று உறுப்பினர்கள் இதைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள். என் தம்பி மகன் இந்தத் தேர்வுக்குப் படித்து வருவது அவர்களுக்குத் தெரியும்.

நான் பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவன். கம்ப்யூட்டர் பாடம் சொல்லித்தரும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் பணம் போடுமுன் மூட்டையைக் குத்திப் பார்க்கும் பழக்கம் நாற்பது ஆண்டுகளாக உண்டு. அந்தப் பழக்கப்படி தம்பி மகனை உட்கார வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், அவனோடு போய் விசாரித்ததையும் உறுப்பினர்களின் பார்வைக்கு வைக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், இந்தச் சர்டிபிகேட் எடைக்கல்லில் குத்தும் முத்திரை போன்றது. முத்திரை இல்லாத கல்லை எவரும் நம்பமாட்டார்கள். அதற்காக முத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு கடை நடத்திவிடவும் முடியாது.

என்ன படிப்பு இது?

ஒரு கடையில் பில் போடும் கம்ப்யூட்டர், கிடங்குக் கம்ப்யூட்டர், கேமரா, கார்டு தேய்க்கும் இயந்திரம் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. இந்த இணைப்புக்குப் பெயர் நெட்வொர்க். இதற்குள் அந்நியர் நுழையாமல் காப்பதும், நுழைந்தால் உடனே கண்டுபிடிப்பதும், சேதம் ஏற்பட்டால் மீட்பதும்தான் நெட்வொர்க் செக்யூரிட்டி.

பாடத்தின் முதல் பக்கத்திலேயே மூன்று கொள்கைகள் வருகின்றன. ரகசியம், திருத்தமின்மை, கேட்ட நேரத்தில் கிடைத்தல். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கொள்முதல் விலை எதிர்க்கடைக்குத் தெரியக்கூடாது, அது ரகசியம். பேரேட்டில் எழுதிய தொகையை யாரும் அழித்து மாற்றக்கூடாது, அது திருத்தமின்மை. வாடிக்கையாளர் வந்து பாக்கி எவ்வளவு என்று கேட்டால் அந்த நிமிடமே கணக்கு கையில் இருக்க வேண்டும், அதுதான் மூன்றாவது. கல்லாச் சாவி ஒருவரிடமும் கிடங்குச் சாவி வேறொருவரிடமும் கொடுத்து வைக்கிறோமே, அதற்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு தனிப் பாடம் இருக்கிறது. ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத படிப்பு என்று ஒதுக்க வேண்டியதில்லை. வணிகர் வீட்டுப் பிள்ளைக்கு இதன் பாதி பிறந்த வீட்டிலேயே பழகியதுதான்.

இதற்கு வேலை உண்டா?

விலை போகுமா என்பதுதான் நம் முதல் கேள்வி. இதற்கு மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

2013-ஆம் ஆண்டுக் கடைசியில் அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்தில் சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் திருடு போயின. திருடர்கள் நுழைந்த வழி அந்த நிறுவனத்தின் முன்வாசல் அல்ல. அங்கே குளிர்சாதன வேலை பார்த்துவந்த ஒரு சிறு ஒப்பந்தக்காரரின் பாஸ்வேர்டைத் திருடி, அதன் வழியாக உள்ளே போனார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் அந்நிறுவனத்தின் தலைமை அதிகாரி பதவி விலகினார்.

2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற கிருமி உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதமே கொடுத்திருந்தது. இரண்டு மாதமாகப் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள்.

நம் நாட்டில், 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியிலிருந்து கம்ப்யூட்டர் வழியாகவே சுமார் 94 கோடி ரூபாய் களவு போயிற்று. பல நாடுகளின் ஏ.டி.எம்.களில் சில மணி நேரத்துக்குள் பணத்தை எடுத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளால் சட்டமும் இறுகியது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2016 ஜூனில் தனியான சைபர் பாதுகாப்பு விதிமுறை கொடுத்தது. மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைத் தாக்குதல் நடந்தால் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆறு மணி நேரத்தில் சொல்ல வேண்டுமானால் இரவு பகலாக ஒருவர் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? அந்த ஆள்தான் இந்தப் படிப்புக்கு முதல் வேலை. வேலை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் இரவு முறை உண்டு, முதல் சம்பளம் பெரிதாக இராது என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேர்வின் விவரம்

தொடக்க நிலையில் பலரும் எழுதுவது காம்ப்டியா என்ற அமெரிக்க அமைப்பின் 'செக்யூரிட்டி பிளஸ்' தேர்வு. 2023 நவம்பரில் வந்த பதிப்பின்படி, 90 நிமிடம். அதிகபட்சம் 90 கேள்விகள். 100 முதல் 900 வரையுள்ள அளவுகோலில் 750 எடுத்தால் தேர்ச்சி. விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு, திரையிலேயே வேலையைச் செய்து காட்ட வேண்டிய கேள்விகளும் வரும். தமிழில் கிடையாது, நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். இன்ன பட்டம் இருந்தால்தான் எழுதலாம் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் நெட்வொர்க் அடிப்படையும் இரண்டாண்டு அனுபவமும் இருப்பது நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள்.

கட்டணம் பல்லாயிரம் ரூபாய், அவ்வப்போது மாறும். தேறாவிட்டால் மறுபடியும் கட்டணம் கட்டித்தான் எழுத வேண்டும். தேறினாலும் மூன்று ஆண்டுதான் செல்லும். அதற்குள் மேற்கொண்டு படித்தோ வேலையில் கற்றோ 50 புள்ளி சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். அதற்கென ஆண்டுக் கட்டணமும் உண்டு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட்டுக்கொள்கிற நமக்கு இது புதிதல்ல. பணம் ஒதுக்கும்போது இதையும் சேர்த்து ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

படிக்கும் முறை

தம்பி மகன் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்தவன். பில் போடும் சாப்ட்வேரைக் கடைகளில் நிறுவிக் கொடுக்கும் சிறு நிறுவனத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவன். அவன் படித்த முறையில் எனக்குப் பிடித்தவற்றை மட்டும் வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, நேரே செக்யூரிட்டி பாடத்தில் குதிக்கவில்லை. இரண்டு மாதம் நெட்வொர்க் அடிப்படையைப் படித்தான். தெரு தெரியாதவன் அந்தத் தெருவுக்குக் காவல் போக முடியாது. சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் அகாடமி 'பாக்கெட் டிரேசர்' என்ற பயிற்சி மென்பொருளை இலவசமாகத் தருகிறது. சாமான் எதுவும் வாங்காமல் திரையிலேயே முழு இணைப்பையும் கட்டிப் பார்க்கலாம்.

இரண்டாவது, நேரத்தைப் பங்கிட்ட விதம். தேர்வு அமைப்பே பாடப்பட்டியலை இலவசமாக வெளியிடுகிறது. அதில் ஐந்து பகுதிகள். அன்றாடப் பாதுகாப்பு நடவடிக்கை 28 சதம், ஆபத்துகளும் பலவீனங்களும் 22, நிர்வாகமும் மேற்பார்வையும் 20, பாதுகாப்பு அமைப்பு முறை 18, பொது அடிப்படை 12. தினம் இரண்டு மணி வீதம் 100 நாள் என்று 200 மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, அதை 56, 44, 40, 36, 24 மணி என்று பிரித்தான். எந்தச் சரக்கு அதிகம் ஓடுகிறதோ அதற்கு அதிக முதல் போடுவது போலத்தான் இது. பிடித்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தால், ஓடாத சரக்கை அலமாரி நிறைய அடுக்கியது போல ஆகிவிடும்.

மூன்றாவது, பிழைச் சிட்டை. மாதிரித் தேர்வில் தவறிய ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்டில் எழுதினான். சரியான விடை எது என்பதோடு, மற்ற மூன்றும் ஏன் தவறு என்றும் எழுதினான். "மார்க்கைப் பார்த்துச் சந்தோஷப்படுவதைவிட இந்த நோட்டுதான் பெரியப்பா எனக்கு உதவி" என்றான். நாள் கடைசியில் கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால் எங்கே குறைந்தது என்று தேடிவிட்டுத்தானே கதவைச் சாத்துகிறோம்?

நான்காவது, கைவேலை. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் 'விர்ச்சுவல் பாக்ஸ்' என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஒரு கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பது போல அமைத்துப் பழகினான். 'வயர்ஷார்க்' என்ற மற்றொரு இலவச மென்பொருளால் இணைப்பில் என்னென்ன போய்வருகிறது என்று பார்க்கக் கற்றான்.

அதன் பிறகு எங்கள் உறவினர் ஒருவரின் பலசரக்குக் கடையை, அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு சோதித்துப் பார்த்தான். மூன்று குறைகள் கிடைத்தன. கேமரா பெட்டியில், பொருத்தியவர் விட்டுப்போன பழைய பாஸ்வேர்டே இருந்தது. வாடிக்கையாளருக்குக் கொடுத்த வைஃபையும் பில் கம்ப்யூட்டரும் ஒரே இணைப்பில் இருந்தன. கணக்கின் நகல் வைத்த டிஸ்க் இரவும் பகலும் அதே கம்ப்யூட்டரில் செருகியபடி இருந்தது. கிருமி வந்தால் அசலோடு நகலும் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றி, வாடிக்கையாளர் இணைப்பைத் தனியே பிரித்து, இரண்டு டிஸ்க்கில் மாற்றி மாற்றி நகல் எடுத்து ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னான். கடைக்காரருக்குச் செலவு டிஸ்க் விலை மட்டுமே. இந்த வேலையை நான்கு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். கடைப் பெயரை எடுத்துவிட்டு அந்த நான்கு பக்கத்தை நேர்முகத்தில் காட்டலாம். வியாபாரத்தில் நாம் கொண்டுபோகும் மாதிரிப் பொட்டலம் போல அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அனுமதி இல்லாமல் பிறர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்ப்பது, படிப்புக்காக என்றாலும் சட்ட மீறலே. நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால், 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

பணம் கட்டுமுன்

நகரில் ஒரு பயிற்சி நிலையத்துக்கு நானும் அவனோடு போனேன். ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்டார்கள். "நூறு சதம் வேலை உறுதி" என்று சுவரில் எழுதியிருந்தது. கையில் பணம் இல்லாவிட்டால் மாதத் தவணைக்கும் ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னார்கள். நான் மூன்று கேள்வி கேட்டேன். தேர்வுக் கட்டணம் இதில் சேருமா? பாடம் நடத்துபவர் இந்த வேலையை எங்கே, எத்தனை ஆண்டு செய்தவர்? வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்று எழுதித் தருவீர்களா? முதல் கேள்விக்கு இல்லை என்றார்கள். இரண்டாவதற்குப் பதில் வரவில்லை. மூன்றாவதற்கு, அப்படி எழுதித் தருவது வழக்கமில்லை என்றார்கள். எழுதித் தராத உறுதிக்கு நம் தெருவில் என்ன மதிப்போ அதுதான் அங்கேயும். எழுந்து வந்துவிட்டோம்.

எல்லா நிலையங்களும் இப்படி என்று சொல்லமாட்டேன். நன்றாகச் சொல்லித்தருபவர்களும் இருப்பார்கள். ஆனால் முதலில் இலவசமாகக் கிடைப்பதைப் படித்துப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் சிறு தொகை கட்டித் தேர்வு எழுத வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு என்ன பயிற்சி உண்டு என்று கேட்டுப் பார்க்கலாம். இரண்டு மாதம் இலவசமாகப் படித்தும் ஆர்வம் குறையாத பிள்ளைக்குத்தான் பணம் போட வேண்டும்.

மற்றொன்று, "தேர்வில் வரும் கேள்விகளே எங்களிடம் இருக்கின்றன" என்று விற்பவர்கள் உண்டு. அதைத் தொட வேண்டாம். கண்டுபிடித்தால் சர்டிபிகேட்டை ரத்து செய்வார்கள். கண்டுபிடிக்காவிட்டாலும், வேலையில் உட்கார்ந்த முதல் வாரமே சாயம் வெளுத்துவிடும். மிளகில் பப்பாளி விதை கலப்பவனுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

தேர்வுக்குப் பிறகு எங்கே?

பெற்றோரில் பலர் கேட்பது, "இதோடு முடிந்ததா, இன்னும் செலவு உண்டா?" என்பது. முடியாது. ஆனால் அடுத்த படிகளுக்குச் சம்பளத்திலிருந்தே செலவு செய்யலாம். வீட்டுப் பணம் முதல் படிக்கு மட்டும் போதும்.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கண்காணிப்பு வேலை. எது உண்மையான ஆபத்து, எது வெறும் சத்தம் என்று பிரித்தறிவது இங்கேதான் பழகும். அதன் பின் வழி பிரிகிறது. நெட்வொர்க் கருவிகளில் நாட்டம் உள்ளவர்கள் சிஸ்கோவின் சி.சி.என்.பி. செக்யூரிட்டி எழுதலாம், ஒரு மையத் தாளும் ஒரு சிறப்புத் தாளும் தேற வேண்டும். நிறுவனத்தின் சம்மதத்தோடு அதன் பூட்டை உடைத்துப் பார்த்து ஓட்டையைச் சொல்லும் வேலையில் விருப்பமுள்ளவர்களுக்கு ஓ.எஸ்.சி.பி. இருக்கிறது, அதன் செய்முறைத் தேர்வு 23 மணி 45 நிமிடம் நடக்கும், பிறகு அறிக்கை எழுத ஒரு நாள். கணக்குத் தணிக்கை போலக் கம்ப்யூட்டர் முறைகளைத் தணிக்கை செய்ய சி.ஐ.எஸ்.ஏ. உண்டு. வணிகர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தணிக்கை வழி நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

எல்லோரும் பெயர் சொல்லும் சி.ஐ.எஸ்.எஸ்.பி. பட்டத்துக்கு ஐந்து ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். அனுபவமில்லாமல் தேர்வை எழுதித் தேறினாலும், அனுபவம் சேரும்வரை முழுத் தகுதி கொடுக்க மாட்டார்கள். ஆகவே, கல்லூரியை விட்டு வந்த பிள்ளையிடம் இதற்கென்று பெருந்தொகை கேட்பவர்கள் பிள்ளையின் நன்மைக்காகக் கேட்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

கடை என்ன ஆகும்?

இதுதான் எங்கள் வீட்டில் நடந்த உண்மையான வாக்குவாதம். தம்பிக்கு ஒரே மகன். "அண்ணே, இவன் போய்விட்டால் என் பங்குக் கடையை யார் பார்ப்பது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பிள்ளையின் விருப்பம் பெரிது என்று ஒரே வார்த்தையில் அவன் வாயை அடைக்க எனக்கு மனமில்லை. முப்பது ஆண்டாக அவன் தேடி வைத்த வாடிக்கைக்கும் ஒரு மதிப்பு உண்டு.

மூவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். தேர்வும் வேலை தேடலும் சேர்த்துப் பதினெட்டு மாதம். செலவுக்கு உச்சவரம்பு ஒன்று. அதற்கு மேல் கேட்கக்கூடாது. அந்தக் காலத்தில் மாதக் கடைசி நான்கு நாள் கடைக் கணக்கை அவன் முடித்துக் கொடுக்க வேண்டும். பதினெட்டு மாதத்தில் வேலை கிடைக்காவிட்டால் மண்டிக்கு வருவது. வந்தால் குத்திப் பேசக்கூடாது என்பது தம்பிக்கு நிபந்தனை. வேலை கிடைத்துவிட்டால் சில்லறைக் கணக்குகளைக் குறைத்து, நம்பிக்கையான பழைய சிப்பந்திக்குப் பங்கு கொடுத்து நடத்துவது. தம்பி கையெழுத்துப் போட ஒரு வாரம் ஆயிற்று, ஆனால் போட்டான். வீட்டில் சத்தம் குறைந்தது அந்தத் தாளுக்குப் பிறகுதான். பையன் இன்னும் தேர்வு எழுதவில்லை. அடுத்த மாதம் எழுதுகிறான். தேறுவானா என்று இப்போதே சொல்ல நான் ஜோசியன் அல்ல. ஆனால் எது நடந்தாலும் அடுத்து என்ன என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சங்கத்துக்கு ஒரு யோசனை

இந்தப் படிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பழகுவதற்கு இடம் வேண்டும். நம் கடைகளுக்குச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். சங்கமே பொறுப்பேற்று, உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளில் தகுதியானவர்களைக் கொண்டு, ஆண்டுக்கு இரண்டு முறை விருப்பமுள்ள கடைகளின் இணைப்பைச் சோதித்துக் கொடுக்கலாம். கடைக்காரரின் எழுத்து அனுமதி அவசியம். ஒரு சிறு தொகை பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். இலவச வேலைக்கு யாரும் மதிப்புத் தருவதில்லை. கூடவே, ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணை ஒவ்வொரு கல்லாவிலும் ஒட்டி வைக்கச் சொல்லலாம்.

பிள்ளை பணம் கேட்கும்போது உடனே கொடுக்கவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். என்ன படிப்பு, எத்தனை மாதம், எவ்வளவு செலவு, அடுத்த படி எது, கிடைக்காவிட்டால் என்ன என்ற ஐந்தையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்படி எழுதிக் கொண்டுவரும் பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.